மூணு மணிக் குலுக்கல்: எல்லைப்புற லாட்டரியின் கதை

பாலக்காடு, இடுக்கித் தமிழர் பற்றிச் சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை என்று கேட்டால், 1956 மாநிலச் சீரமைப்பு, தேவிகுளம் – பீர்மேடு போராட்டம், கல்பாத்தித் தேர் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் எழுதுவது நம்மிடையே வழக்கம். மூன்றையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆகவே நான் லாட்டரியை எடுத்துக்கொண்டேன். சிலருக்கு முகம் சுளிக்கும். ஆனாலும் வாளையாரிலிருந்து குமுளி வரை நம் எல்லையை ஒருமுறை சுற்றி வந்தால், கேரளத்துக்குள் கால் வைத்தவுடன் கண்ணில் படும் முதல் தமிழ்ப் பலகை பெரும்பாலும் லாட்டரிக் கடைப் பலகைதான். பள்ளிக்கூடப் பலகை அதற்கு அப்புறம்.

நான் சித்தூர் வட்டத்தில் பிறந்தவன். பீர்மேடு வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பல வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன். இரண்டு எல்லையும் பழக்கம். சம்பள நாளன்று தோட்டத்து லயத்துக்குள் முதலில் நுழைகிறவர் சீட்டு விற்கிறவர், அடுத்து வருகிறவர் வட்டிக்காரர் என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. அந்த வரிசை தற்செயலானதல்ல என்பது நெடுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மலையாளத்தில் லாட்டரிக்குப் பாக்யக்குறி என்று பெயர். குறி என்றால் அங்கே ஏலச்சீட்டு. தமிழில் பரிசுச் சீட்டு என்றோம். சீட்டு என்றாலும் நமக்கு மாதச் சீட்டுதான் ஞாபகம் வரும். ஆக, இரண்டு மொழிக்காரர்களும் சேமிப்புக்கு வைத்திருந்த சொல்லையே எடுத்துச் சூதாட்டத்துக்குக் கொடுத்திருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒருவர் எடுப்பது என்ற தோற்றம் இரண்டிலும் ஒன்றுதான். மாதச் சீட்டில் எல்லாருக்கும் ஒருநாள் முறை வரும், லாட்டரியில் வராது. பானைக்குள் ஓலையைப் போட்டுக் குலுக்கி எடுப்பதும் நமக்குப் புதிதில்லை, உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. என்ன, அங்கே ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்தார்கள்.

கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. இ.எம்.எஸ். முதலமைச்சர், பி.கே. குஞ்ஞு நிதியமைச்சர். இந்தியாவில் ஒரு மாநில அரசு லாட்டரிக்கென்று தனித் துறை வைத்தது அதுவே முதல் தடவை. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. முதல் ஆண்டு விற்பனை ஏறக்குறைய 20 லட்சம் ரூபாய். 2023-24இல் அதே துறையின் விற்பனை 12,000 கோடியைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 1968இல் அண்ணா ஆட்சியில் பரிசுச் சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு அரசுகளுமே அன்று சொன்ன நியாயம் ஒன்றுதான்: தனியார் நடத்தி ஏமாற்றுவதை அரசே நேர்மையாக நடத்தினால் என்ன?

1980, 90களில் நிலைமை மாறியது. சிக்கிம், நாகாலாந்து, பூடான் என்று, ஜனங்கள் வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஊர்களின் பெயரில் சீட்டுகள் வந்தன. பெயர்தான் அந்த அரசுகளுடையது. நடத்தியவர்கள் மொத்த ஏஜெண்டுகள். சிவகாசி அச்சகங்களில் இந்தச் சீட்டு அச்சடிப்பதே ஒரு பெரிய தொழிலாக இருந்தது. வாரக் குலுக்கல் போய்த் தினக் குலுக்கல், பிறகு சுரண்டல் லாட்டரி, கடைசியில் ஒரு நம்பர் லாட்டரி. பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை ஒரே ஓர் எண். காலையில் வாங்கி மத்தியானம் தோற்றுவிட்டு, விட்டதைப் பிடிக்கச் சாயங்காலம் மறுபடியும் வாங்கலாம். கோவை, பொள்ளாச்சி, கம்பம் பஸ் ஸ்டாண்டுகளில் கூலியாட்கள் கூட்டமாக நின்று கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

1998இல் மத்திய அரசு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் நம் கதைக்கு வேண்டியவை மூன்று. ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது. ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல்தான். ஒரு மாநிலம் விரும்பினால் பிற மாநிலச் சீட்டைத் தன் எல்லைக்குள் தடை செய்யலாம். மறுவருஷமே உச்ச நீதிமன்றம் இந்த மூன்றாவதற்கு ஒரு நிபந்தனை போட்டது: தன் லாட்டரியை நடத்திக்கொண்டு அடுத்தவன் லாட்டரியை மட்டும் தடுக்க முடியாது, தடுப்பதானால் தன்னுடையதையும் நிறுத்த வேண்டும். எல்லையின் பிற்காலக் கதை முழுக்க இந்த நிபந்தனையைச் சுற்றித்தான் ஓடுகிறது.

ஜெயலலிதா அரசு 2003 ஜனவரி 8 முதல் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரியையும், சொந்த லாட்டரி உட்பட, தடை செய்தது. கடன்பட்டுக் குடும்பங்கள் சிதைந்த காலம் அது. அந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடையை மூடினார்களே தவிர வாங்குகிறவன் மூடிக்கொள்ளவில்லை. அவனுக்கு மேற்கே இருபது, முப்பது கிலோமீட்டரில் இன்னொரு மாநிலம் இருந்தது.

நம் எல்லையின் அமைப்பு அப்படி. பாலக்காட்டுப் பக்கம் வாளையார் பெரிய வழி. தெற்கே வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே சின்னச் சின்ன வழிகள். பல இடத்தில் சாலையின் இந்தப்பக்கம் சித்தூர் வட்டம், அந்தப்பக்கம் பொள்ளாச்சி. பொண்ணு கொடுத்து எடுத்ததெல்லாம் இரண்டு பக்கமும்தான். இடுக்கியில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு. விடிகாலை கம்பம், கூடலூர், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஜீப்புகள் மெட்டு ஏறும். பொழுது சாய இறங்கும். தடைக்குப் பிறகு இந்த வாசல்கள் எல்லாவற்றிலும் லாட்டரிக் கடை பெருகியது, பலகை தமிழில்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிமாநிலத்தார் கேரளத்துக்குள் வந்து சீட்டு வாங்குவது குற்றமல்ல. அதையே பை நிறைய வாங்கிக்கொண்டு போய் ஊரில் கூடுதல் விலைக்கு விற்றால் குற்றம். 1998 சட்டப்படி இரண்டு ஆண்டுவரை கடுங்காவல், ஜாமீனில் வரமுடியாத வழக்கு. கடத்தல் அப்படித்தான் தொடங்கியது. சாராயம் போல நாற்றமில்லை, அரிசி போலப் பாரமில்லை. நூறு சீட்டு சட்டைப் பையில் அடங்கும்.

கொஞ்ச காலத்தில் சீட்டைக் கடத்தும் சிரமமே தேவையில்லை என்று கண்டுகொண்டார்கள். திருவனந்தபுரத்தில் கோர்க்கி பவனில் மூன்று மணிக்குக் குலுக்கல் நடக்கிறது. வாரம் ஒரு குலுக்கல் என்பது ஒரு லாட்டரிக்குத்தானே. கேரளத்தில் ஏழு நாளைக்கு ஏழு பெயரில் ஏழு லாட்டரி. ஆக, நாள் தவறாமல் ஒரு முதல் பரிசு எண் வருகிறது. அதன் கடைசி மூன்று இலக்கம் என்ன என்று பந்தயம் கட்டினால் போதும். சீட்டு வேண்டாம், அச்சகம் வேண்டாம், அரசு முத்திரை வேண்டாம். ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் இருந்தால் தொழில் ஓடும். தமிழ்நாட்டில் இதற்கு மூணு நம்பர் என்று பேர். கேரளத்திலேயே இது எழுத்து லாட்டரி என்ற பேரில் நடக்கிறது. சட்டப்படியான கடைக்குள்ளேயே சிலர் எழுதிப் பிடிபட்ட வழக்குகள் எத்தனையோ. முதலில் எஸ்.டி.டி. பூத், பிறகு எஸ்.எம்.எஸ்., இப்போது வாட்ஸப்.

“அண்ணே, இன்னிக்கு என்ன விழுந்திச்சு?” என்று மெட்டு இறங்கும் ஜீப்பில் ஒருவர் கேட்டால், அவர் கையில் கேரளச் சீட்டு இருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை.

இதில் கணக்கு என்ன? பத்து ரூபாய்க்கு ஐயாயிரம் என்று வைத்துக்கொள்வோம். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண்ணில் பத்து ரூபாய் போட்டால் பத்தாயிரம் சேரும். ஒருவருக்கு ஐயாயிரம் போகும். மீதி ஐயாயிரம் எழுதுகிறவனுக்கும் அவனுக்கு மேலே இருப்பவனுக்கும். வரி கிடையாது. ஒரே எண்ணில் நிறையப் பேர் கட்டிவிட்டால் சின்ன ஆள் தாங்கமாட்டான். அதனால் அந்தப் பாரத்தை மேலே பெரிய ஆளிடம் தள்ளிவிடுவான். தெருவில் எழுதுகிறவன், அவனுக்கு மேல் வசூல்காரன், அதற்கு மேல் பணம் போட்டவன் என்று மாடி மாடியாக ஒரு நிறுவனம் உண்டாவது இப்படித்தான். போலீசில் அகப்படுவது எப்போதும் கீழ்மாடி.

இது நம் ஆட்களின் கண்டுபிடிப்பு என்று யாரும் பெருமைப்படவோ வெட்கப்படவோ வேண்டாம். நியூயார்க்கில் ஹார்லம் பகுதியில் 1920களிலேயே இதே விளையாட்டு நடந்தது. அங்கே எண்ணை எடுத்தது வங்கிகளின் தீர்வகம் தினமும் வெளியிட்ட கணக்கிலிருந்து. பிறகு பந்தய மைதானங்களில் கட்டப்பட்ட மொத்தத் தொகையின் இலக்கங்களுக்கு மாறினார்கள். ஆயிரத்துக்கு ஒன்று வாய்ப்புள்ள எண்ணுக்கு அறுநூறு மடங்கு கொடுத்தார்கள். தெருவோரத்துக் கறுப்பின மக்களின் இந்தத் தொழிலை 1930களின் தொடக்கத்தில் டச்சு ஷூல்ட்ஸ் என்ற தாதா துப்பாக்கி முனையில் பிடுங்கினான். அவனிடம் ஆட்டோ பெர்மன் என்று ஒரு கணக்குப் பிள்ளை. அதிகம் பேர் கட்டிய எண் வராதபடி, பந்தய மைதானத்தில் கடைசி நிமிஷத்தில் பணம் கட்டி மொத்தத் தொகையையே மாற்றிவிடுவது அவன் வேலை. இருவரும் 1935 அக்டோபரில் ஒரே உணவு விடுதியில் சுடப்பட்டார்கள்.

பந்தய மைதானம் என்றதும் குதிரைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் நாய்க்கும் பந்தயம் உண்டு. இயந்திர முயல் முன்னே ஓட, கிரேஹவுண்டு நாய்கள் துரத்தும். ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் 1919இல் கலிஃபோர்னியாவில் அந்த முயலை வைத்து மைதானம் அமைத்தார். அவருடைய வழக்கறிஞர் எட்வர்ட் ஓஹேர், ஸ்மித் இறந்தபிறகு முயலின் காப்புரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் அல் கபோனோடு சேர்ந்து நாய்ப் பந்தயம் நடத்தினார். எட்டு நாயில் ஏழுக்கு வயிறு முட்டச் சோறு போட்டுவிட்டால் எட்டாவது ஜெயிக்கும் என்று அந்த மைதானத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இதே ஓஹேர்தான் 1931 வரி வழக்கில் கபோனுக்கு எதிராக அதிகாரிகளுக்கு உதவியவர். கபோன் விடுதலையாக ஒரு வாரம் இருக்கும்போது, 1939 நவம்பர் 8 அன்று, காரில் போகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மகன் இரண்டாம் உலகப் போரில் வீரப் பதக்கம் பெற்ற விமானி. பிள்ளைகளைப் பார்க்கச் சிகாகோ போகிற நம்மவர்கள் இறங்கும் ஓஹேர் விமான நிலையம் அந்த மகனின் பெயரால் அமைந்தது.

சிசரோவில் கும்பலிடம் மைதானமே இருந்தது. நாய்க்குச் சோறு போட்டால் முடிவை மாற்றலாம். ஹார்லத்தில் கும்பலிடம் மைதானம் இல்லை. அடுத்தவன் கொடுத்த எண்ணை எடுத்துக்கொண்டார்கள். பம்பாய் மட்கா தொடங்கியதும் அப்படித்தான். நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலை, முடிவு விலை தந்தியில் பம்பாய்க்கு வரும், அதன்மேல் பந்தயம். 1961இல் அது நின்றதும் பானையில் சீட்டுப் போட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். மட்கா என்றால் பானை. பானை கும்பலின் கையில் இருந்ததால் எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. நம் எல்லையில் அந்தச் சந்தேகமே இல்லை. திருவனந்தபுரத்துக் குலுக்கல் நடுவர்கள் முன்னிலையில் நடக்கிறது. எண் மறுநாள் பத்திரிகையில் வருகிறது. ‘நாங்க எண்ணைத் தொடறதே இல்லைங்க’ என்று மூணு நம்பர்க்காரன் தைரியமாகச் சொல்லலாம். கேரள அரசு அரை நூற்றாண்டாகச் சேர்த்த நாணயத்தை அவன் ஒரு பைசா கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்கிறான். அவனுக்கு வாடிக்கையாளரைத் தேடிக்கொடுத்தது தமிழ்நாட்டின் தடை. ஒரு அரசு எண்ணைக் கொடுத்தது, இன்னொரு அரசு ஆளைக் கொடுத்தது. நடுவில் கடை போட்டவனுக்கு எல்லையே முதலீடு.

நியூயார்க் மாநிலமும் கேரளத்தைப் போல 1967இல்தான் லாட்டரி தொடங்கியது. 1980இல் கும்பல் நடத்திய மூன்றிலக்க விளையாட்டையே அரசு எடுத்து நடத்தியது. தெரு விளையாட்டு அதனாலும் ஒழியவில்லை. அரசின் எண்ணையே எடுத்துக்கொண்டு, கடனுக்கும் எழுதிக்கொண்டு தொடர்ந்தது. கடன் என்பதுதான் இதில் உயிர்நாடி. அரசுக் கடையில் ரொக்கம் வேண்டும். எழுதுகிறவன் ‘சம்பளத்துல பாத்துக்கலாம்’ என்பான். லயத்தில் வட்டிக்காரர் இரண்டாவதாக வருவதற்குக் காரணம் அது.

தமிழ்நாடு தடை செய்த பிறகு வேறொரு கூட்டமும் எல்லை தாண்டியது. பிற மாநில லாட்டரியின் மொத்த ஏஜெண்டுகள் கேரளச் சந்தைக்குத் திரும்பினார்கள். பாலக்காடு அவர்களுக்கு வசதியான வாசல். கேரளம் 2005 ஜனவரியில் அவர்களை நிறுத்தப் பார்த்தது. முன்சொன்ன நிபந்தனைப்படி தன் லாட்டரியையும் சேர்த்து நிறுத்த வேண்டியதாயிற்று. சீட்டு விற்றுப் பிழைத்த மாற்றுத் திறனாளிகளும் முதியோரும் தெருவில் நின்றார்கள். ஏப்ரலில் காகித லாட்டரியை மட்டும் திரும்ப விட்டது. காகிதச் சிக்கிமும் பூடானும் கூடவே உள்ளே வந்தன. 2007இல் ஆளும் கட்சியின் நாளிதழ், கோவை லாட்டரி அதிபர் சான்டியாகோ மார்ட்டினிடம் 2 கோடி ரூபாய் வாங்கி, எதிர்ப்புக் கிளம்பியதும் திருப்பிக் கொடுத்தது. 2010இல் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பெருஞ்சண்டை நடந்து, அதன்பிறகுதான் அந்தச் சீட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. 2017இல் மிசோரம் சீட்டு மறுபடி தலைகாட்டியது, பிடிபட்டது பாலக்காட்டில். 2024இல் தேர்தல் பத்திரக் கணக்கு வெளியானபோது, 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கி முதலிடத்தில் இருந்தது மார்ட்டினின் நிறுவனம். அன்றைய சட்டப்படி வாங்கியவைதான். நான் தொகையை மட்டும் குறித்து வைக்கிறேன்.

கேரள அரசு நடத்துவதில் நன்மையே இல்லையா என்று கேட்கலாம். 2011இல் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது காருண்யா என்ற லாட்டரியைத் தொடங்கி, அதன் வருவாயில் ஏழைகளின் சிகிச்சைக்கு நிதி ஏற்படுத்தினார். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதில் பயன்பெற்றதை நேரில் அறிவேன். வள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். கேரளக் கருவூலமும் அதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது என்று வகுப்பில் விளையாட்டாகச் சொல்வேன். ஆனால் அந்த மருத்துவ நிதிக்கு மூணு நம்பரிலிருந்து ஒரு ரூபாயும் வருவதில்லை. தமிழ்நாட்டுக் கருவூலத்துக்கும் வருவதில்லை.

போவது மட்டும் நம் ஜனங்களிடமிருந்து. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி குடும்பம், மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து பேர், உயிரிழந்தது. மூணு நம்பர் லாட்டரியில் எல்லாம் போயிற்று என்று அவர் கடைசியாகப் பதிவு செய்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கைது நடந்தது. அகப்பட்டவர்கள் பெரும்பாலும் எழுதுகிறவர்கள். விழுப்புரம் எங்கே, கோர்க்கி பவன் எங்கே! நடுவே ஒரு மாநிலத்தின் அகலமே இருக்கிறது. கேரளச் சீட்டு ஒன்றையும் கண்ணால் பார்க்காமலேயே கேரள எண்ணுக்கு ஒரு குடும்பம் பலியானது.

எல்லைக் கடைகளுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது 2023 திருவோணம் பம்பர். சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. செப்டம்பர் 20 அன்று குலுக்கல். பரிசு விழுந்த சீட்டு விற்றது வாளையாரில். கூட்டாகச் சேர்ந்து வாங்கியதாகத் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உடனே ஒரு புகார் கிளம்பியது: அது தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்ற சீட்டு, பரிசு கொடுக்கக் கூடாது என்று. அடுத்த ஓணத்துக்கு வாளையார்க் கடைகளில் கோவை, திருப்பூர் வண்டிகள் வரிசையில் நின்றன. 2025இல் வாரச் சீட்டு 50 ரூபாயாகி முதல் பரிசும் ஒரு கோடியானது. செப்டம்பரில் லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம் என்று உயர்ந்தது. துண்டுக் காகிதத்துக்கு விலையும் ஏறவில்லை, வரியும் ஏறவில்லை.

வெளிமாநிலத்தாருக்குப் பெரிய பரிசு விழுந்தால் கேரள லாட்டரித் துறையில் ஒரு நடைமுறை உண்டு. சீட்டு, அடையாள அட்டை, வங்கி விவரம் இவற்றோடு, எந்தக் காரியமாகக் கேரளத்துக்கு வந்தீர்கள், சீட்டை எங்கே வாங்கினீர்கள் என்பதையும் விளக்கியாக வேண்டும். அந்த நால்வரும் விளக்கினார்கள். கம்பத்திலிருந்து தினம் ஏலத்தோட்டத்துக்கு வருகிற அம்மாவுக்குப் பம்பர் விழுந்தால் அவரும் விளக்க வேண்டியதுதான். அவர் அம்மாவும், அம்மாவின் அம்மாவும் அதே மெட்டு ஏறி அதே காட்டில் காய் எடுத்தவர்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் எத்தனை வரி இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைப் பரிசு விழுந்த யாராவது நமக்குச் சொல்ல வேண்டும்.